ஒரு வரி ராப்பர்தானே என்று இறங்கி மாட்டிக்கொண்ட கதைகள்

நள்ளிரவு கம்பைலர்:

மேல்நிலை மொழி ஒன்றின் ரன்டைமுக்குள் (நிரல் ஓடும்போது கூடவே இருந்து உதவும் பகுதி) சிஸ்காலைச் சுற்றி ராப்பர் எழுதியவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள். சிஸ்கால் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் நிரல் வேலை கேட்கும் அழைப்பு, ராப்பர் அதைச் சுற்றிய மெல்லிய உறை. பார்த்தால் ஒரு வரி வேலை. ஓர் எண், அதிகபட்சம் ஆறு ஆர்க்யூமென்ட், திரும்பி வருவதும் ஓர் எண்தான். அந்த ஒரு வரியில் நான் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன். முதலில் என் கதையைச் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

இரண்டு வருடமாக இரவு நேரத்தில் ஒரு சின்ன மொழி எழுதி வருகிறேன். கட்டளைச் சொற்கள் எல்லாம் தமிழ். என் அக்கா மகனைத் தவிர வேறு யாரும் அதில் ஒரு வரி எழுதப் போவதில்லை, அது வேறு விஷயம். வீம்புக்கு லிப்சி (கெர்னலோடு பேச நிரல்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சி நூலகம்) வேண்டாம் என்று முடிவு செய்து, ரன்டைம் நேராகக் கெர்னலோடு பேசும்படி அமைத்தேன். சி ஹெடர் எதுவும் இல்லாததால் ஸ்ட்ரக்டுக்குள், அதாவது கெர்னல் தகவலை அடுக்கித் தரும் தொகுப்புக்குள், எது எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் நானே கையால் எழுத வேண்டும். என் லேப்டாப்பில், அதாவது இன்டெல் வகை எக்ஸ்86-64 ப்ராசஸரில், கோப்பு விவரம் தரும் ஸ்டாட்டை அப்படித்தான் எழுதினேன். அருமையாக ஓடியது.

பிறகு அக்கா மகன் தன் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ஓட்ட வேண்டும் என்றான். 64 பிட் லினக்ஸ்தான், ஆனால் ப்ராசஸர் ஏஆர்எம். சிஸ்கால் எண்கள் மாறும் என்பது எனக்குத் தெரியும். லேப்டாப்பில் ரைட் என்றால் 1, அங்கே 64. ஓப்பன் என்ற சிஸ்காலே அங்கே கிடையாது, ஓப்பன்அட் மட்டும்தான், அது 56. ஸ்டாட்டும் இல்லை, நியூஎஃப்ஸ்டாட்அட் 79. பட்டியலை மாற்றினேன், கம்பைல் செய்தேன், ஓடியது.

ஓடியதுதான் பிரச்சினை. கோப்பின் அளவு சரி. கடைசியாக மாற்றிய நேரம் நொடி பிசகாமல் சரி. உரிமையாளர் எண் 1000, அதுவும் சரி. ஆனால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கித் தேடும் நிரல் மட்டும் முதல் படியிலேயே நின்றுவிட்டது. ஃபோல்டர் என்று ஒன்றே இல்லை என்கிறது. பெர்மிஷனை ஆக்டலில் (எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில்) அச்சிட்டுப் பார்த்தேன். எல்லாக் கோப்புக்கும் 1750.

இது குப்பை எண்ணாக இருந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். 1750 நம்பும்படியான பெர்மிஷன்: ஸ்டிக்கி பிட், உரிமையாளருக்கு எல்லா உரிமையும், குழுவுக்குப் படிக்கவும் ஓட்டவும், மற்றவருக்கு ஒன்றுமில்லை. எஸ்டி கார்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டு முறை கார்டை அழித்து முதலிலிருந்து எழுதினேன். அந்தப் பையன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

ஒன்பதாவது நாள், வேறு எதையோ தேடும்போது ஒரு சாதாரணக் கோப்பின் ஹார்ட் லிங்க் எண்ணிக்கையையும் (ஒரே கோப்புக்கு எத்தனை பெயர் என்ற கணக்கு) அச்சிட்டேன். 429 கோடியே 50 லட்சத்து 484 என்று வந்தது. அதிலிருந்து 2இன் 32ஆம் அடுக்கைக் கழித்தால் மீதி 33,188. அதை ஆக்டலில் போட்டால் 100644. கிட் என்ற கோடு சேமிப்புக் கருவியில் தினமும் கண்ணில் படுகிற அதே 100644! நான் தேடிய மோட், அதாவது கோப்பின் வகையும் பெர்மிஷனும் சேர்ந்த எண், லிங்க் எண்ணிக்கையின் இடத்தில் படுத்திருந்தது.

எக்ஸ்86-64ல் 16ஆவது பைட்டில் லிங்க் எண்ணிக்கை, எட்டு பைட் அகலம். 24ல் மோட், 28ல் உரிமையாளர், 32ல் குழு. ஏஆர்எம்மில் 16ல் மோட், 20ல் லிங்க், 24ல் உரிமையாளர், 28ல் குழு. நான் மோட் என்று நினைத்து வாசித்தது உரிமையாளர் எண்ணை. 1000ஐ ஆக்டலில் எழுதினால் 1750. உரிமையாளர் என்று நினைத்து வாசித்தது குழு எண்ணை, அதுவும் 1000ஆக இருந்ததால் சரியாகத் தெரிந்தது. அளவு இரண்டிலும் 48ஆவது பைட், நேரமும் இரண்டிலும் ஒரே இடம். அதனால் நான் சோதித்த மூன்றுமே பாஸ்.

இப்போது ஸ்டாட்டை எடுத்துவிட்டு ஸ்டாட்எக்ஸுக்கு மாறிவிட்டேன். லினக்ஸ் 4.11ல், 2017ல் வந்தது. எல்லா ஆர்க்கிடெக்சரிலும் ஒரே அமைப்பு, 256 பைட். இதை ஆரம்பத்திலேயே செய்திருக்கலாம் என்று யாரும் எழுத வேண்டாம், வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.


சும்மா ஒரு கேள்வி:

அண்ணா, லிப்சி வழியாகப் போயிருந்தால் இந்த வம்பே இல்லையே? கெர்னலோடு நேராகப் பேசுவதில் அப்படி என்ன லாபம்?


நள்ளிரவு கம்பைலர்:

லாபம் என்றால், எந்த லினக்ஸிலும் தனியாக ஓடும் ஒரே ஒரு பைனரி. கோ மொழி லினக்ஸில் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறது. லினக்ஸில் இது செல்லும், ஏனென்றால் அங்கே சிஸ்கால் இடைமுகத்தை உடைக்க மாட்டோம் என்பது கெர்னல்காரர்கள் கொடுத்த வாக்கு. வேறு பல இடங்களில் அந்த வாக்கு லிப்சிக்கு மட்டும்தான். 2016ல் மேக்ஓஎஸ் சியரா வந்தபோது கெட்டைம்ஆஃப்டே சிஸ்காலின் உள் அமைப்பு மாறி, பழைய கோ கம்பைலரில் கட்டிய நிரல்கள் சுருண்டு விழுந்தன, எல்லாவற்றையும் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. கோ 1.12 முதல் மேக்கில் அதன் லிப்சியான லிப்சிஸ்டம் வழியாகத்தான் போகிறது. 1.16ல் ஓப்பன்பிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் லிப்சிக்குள் வந்துவிட்டார்கள். ஆக, நீ சொல்வது பாதி சரி தம்பி.


சிக்னல் பித்தன்:

என்னுடையது பணம் போன கதை. அலுவலகத்தில் எங்களுக்கென்று ஒரு ஸ்கிரிப்ட் மொழி உண்டு, ரன்டைம் சியில். அதில் புரொஃபைலர் சேர்த்தோம். நொடிக்கு நூறு முறை சிக்னல் (ஓடும் நிரலை இடைமறித்துத் தட்டும் செய்தி) அடிக்கும், ஒவ்வொரு முறையும் எந்த வரி ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். சேர்த்த மறுநாளிலிருந்து ரீட், ரைட், அக்செப்ட் எல்லாம் ஈ-இன்டர் பிழையோடு திரும்ப ஆரம்பித்தன. காத்திருக்கும் சிஸ்காலைச் சிக்னல் குறுக்கிட்டால் கெர்னல் அப்படித்தான் சொல்லும், "நடுவில் எழுப்பிவிட்டார்கள், திரும்பக் கேள்" என்று.

மருந்து எல்லாருக்கும் தெரியும். ஈ-இன்டர் வந்தால் மீண்டும் கூப்பிடு என்று ஒரு மேக்ரோ. லினக்ஸின் லிப்சியான ஜிலிப்சியிலேயே தயாராக ஒன்று இருக்கிறது. நான் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எல்லா ராப்பரையும் அந்த மேக்ரோவுக்குள் போட்டேன். எல்லா என்றால் எல்லாம். குளோஸ் உட்பட.

அதன்பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, காரணமே இல்லாமல் டேட்டாபேஸ் இணைப்பு ஒன்று செத்துப்போகும். டேட்டாபேஸ் பக்கம் லாகைப் பார்த்தால் "நீங்கள்தானே மூடினீர்கள்" என்கிறது. நெட்வொர்க் ஆட்கள், டேட்டாபேஸ் ஆட்கள், நாங்கள், மூன்று கோஷ்டியும் ஒருவரையொருவர் கைகாட்டி ஒரு மாதம் ஓட்டினோம். கடைசியில் நிரலின் சிஸ்கால்களை வரிசையாகக் காட்டும் எஸ்ட்ரேஸை நாலு நாள் ஓடவிட்டுப் பிடித்தேன். ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை), 17ஆம் எண் எஃப்டியை (திறந்த கோப்புக்கோ இணைப்புக்கோ கெர்னல் தரும் எண்) குளோஸ் செய்கிறது: ஈ-இன்டர். அடுத்த வரியில் வேறொரு த்ரெட் டேட்டாபேஸுக்கு சாக்கெட் திறக்கிறது: கிடைத்த எண் 17. அதற்கடுத்த வரியில் முதல் த்ரெட் என் மேக்ரோ சொன்னபடி மறுபடியும் 17ஐ குளோஸ் செய்கிறது: வெற்றி.

லினக்ஸில் குளோஸ் ஈ-இன்டர் என்று திரும்பினாலும் எண் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டுவிட்டது. கெர்னல் முதலில் எண்ணை விட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்கிறது. மேன் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், திரும்பக் கூப்பிடாதே என்று. எச்பியின் யூனிக்ஸான எச்பி-யூஎக்ஸில் நேர்மாறு, அங்கே திரும்பக் கூப்பிட்டே ஆக வேண்டும். சாதாரண டிஸ்கில் குளோஸ் ஈ-இன்டர் தருவதைப் பார்க்கவே முடியாது. எங்களிடம் ஒரு ஃபோல்டர் ஃப்யூஸ் (சாதாரண நிரலே ஃபைல் சிஸ்டமாக நடிக்கும் ஏற்பாடு) வழியாக மவுண்ட் ஆகியிருந்தது, அந்தப் பக்கம் இருந்த நிரல்தான் ஈ-இன்டரைத் திருப்பிக் கொடுத்தது. அதனால்தான் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை.

பைத்தான்காரர்கள் இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். 3.5ல், 2015ல், பெப் 475 என்ற முன்மொழிவின் மூலம் சிஸ்கால்களை ரன்டைமே திரும்பக் கூப்பிடும்படி மாற்றினார்கள், குளோஸைக் கவனமாக விலக்கி வைத்தார்கள். அந்த ஆவணத்தை நான் அந்த வெள்ளிக்கிழமை படித்திருக்க வேண்டும்.


கோடு மீனா:

சிக்னல் பித்தன் அண்ணா சொன்ன அளவுக்கு என்னிடம் கதை இல்லை. ஒரு சின்னது.

பயனர் ஒருவர் பிழைச் செய்தி அனுப்பினார்: கோப்பில் எழுதும்போது "இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாத ஐஆக்டல்" என்ற பொருளில் ஒன்று. சாதாரண டெக்ஸ்ட் கோப்பு அது. ஐஆக்டல் என்பது சாதனத்துக்குக் கட்டளை சொல்லும் சிஸ்கால், அது எங்கிருந்து வந்தது? என் மெஷினில் எத்தனை முறை ஓட்டினாலும் சரியான பிழைதான் வருகிறது, டிஸ்கில் இடமில்லை என்று.

ராப்பரில் ரைட் தோற்றால் முதலில் லாகில் ஒரு வரி, அடுத்து எர்நோவை (கடைசிப் பிழையின் எண் இருக்கும் இடம்) படித்து எக்செப்ஷன். லாகர் என்ன செய்கிறது? எழுதும் இடம் டெர்மினலா என்று கேட்கிறது, டெர்மினல் என்றால் சிவப்பு நிறம் பூச வேண்டுமே. என் மெஷினில் டெர்மினல்தான், அந்தக் கேள்வி ஜெயிக்கும், எர்நோ தொடப்படாது. சர்வரில் லாக் ஒரு கோப்புக்குப் போகிறது, கேள்வி தோற்கும், எர்நோவில் ஈநாட்டி, அதாவது அந்த ஐஆக்டல் பிழை, உட்கார்ந்துவிடும். அழகுக்குப் போட்ட சிவப்பு நிறம் உண்மைப் பிழையைத் தின்றுவிட்டது. எர்நோவை முதல் வரியிலேயே ஒரு லோக்கல் வேரியபிளில் எடுத்து வைத்ததோடு கதை முடிந்தது.

ஜாவாவில் இது இன்னும் மோசம், ஏனென்றால் நம் சிஸ்காலுக்கும் எர்நோவை வாசிப்பதற்கும் நடுவில் ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் தன் வேலையாக எதையாவது கூப்பிடலாம். அதனால்தான் ஜேடிகே 22ல் வந்த, சி ஃபங்ஷன்களைக் கூப்பிட உதவும் ஃபாரின் ஃபங்ஷன் ஏபிஐயில், கால் முடிந்த நொடியிலேயே எர்நோவைப் பிடித்துவைக்கச் சொல்ல ஒரு தனி ஆப்ஷன் கொடுத்திருக்கிறார்கள்.


எடைமேடை:

கோ மொழியில் நான் பட்டது. லாரி எடைமேடைக்கு மென்பொருள் செய்து கொடுத்தோம். மேடையிலிருக்கும் எடை காட்டும் பெட்டி சீரியல் போர்ட்டில் பேசும். பில்லிங் பக்கம் அதே நிரலில் வெப் சர்வராக ஓடும். சீரியல் போர்ட்டின் வேகத்தை மாற்ற ஐஆக்டல் வேண்டும் என்பதால், கோப்பைத் திறந்து அதன் எஃப்டி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன்பிறகு எல்லாவற்றையும் நேரடி சிஸ்காலாகவே செய்தேன். கோப்பு என்ற வேரியபிளை அப்புறம் எங்கும் தொடவில்லை. எண் கையில் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்?

நிரல் எப்போதும் முதல் ஒன்றிரண்டு நிமிடம் பிரமாதமாக ஓடும். அப்புறம் எடை வராது. இது பரவாயில்லை. ஒரு நாள் பில் போடும் அம்மா கூப்பிட்டு, "தம்பி, திரையில் பில்லுக்கு நடுவில் ஏதோ கட்டம் கட்டமாக வருது" என்றார். போய்ப் பார்த்தால், எடைப் பெட்டிக்கு நான் அனுப்பும் கட்டளை பைட்டுகள் அவருடைய பிரவுசருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

நடந்தது இதுதான். கோப்பு வேரியபிளை இனி யாரும் பயன்படுத்தவில்லை என்று ஜிசி (வேண்டாதவற்றை நினைவகத்திலிருந்து தானே கழிக்கும் பகுதி) கண்டுகொண்டது, கழிக்கும்போது ஓடும் ஃபைனலைசர் எஃப்டியை மூடிவிட்டது. கோவில் நிரல் சும்மா இருந்தாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஜிசி ஓடும், அந்த இரண்டு நிமிடக் கணக்கு அதுதான். கெர்னல் எப்போதும் காலியாக இருக்கும் மிகச் சிறிய எண்ணைத்தான் அடுத்தவருக்குத் தரும். 9 காலியானது, பில்லிங் அம்மாவின் சாக்கெட் 9 ஆனது, நான் 9க்கு எழுதிக்கொண்டே இருந்தேன். பஸ்ஸில் கர்ச்சீப் போட்டுப் பிடித்த சீட்டில் வேறொருவர் உட்கார்ந்த பிறகும் அவர் மடியில் பையை வைப்பது போல.

பிடிக்க முடியாமல் போனதற்குக் காரணம் இன்னும் வேடிக்கை. என்ன நடக்கிறது என்று பார்க்க ஃபங்ஷன் கடைசியில் கோப்பின் பெயரை அச்சிடும் ஒரு வரி சேர்த்தேன். பிழை மறைந்தது! அந்த வரிதான் வேரியபிளைக் கடைசி வரை உயிரோடு வைத்தது. எடுத்தால் பிழை வரும், சேர்த்தால் போகும். ரன்டைம் தொகுப்பில் கீப்அலைவ் என்ற ஃபங்ஷன் கோ 1.7லிருந்தே இதற்காகத்தான் இருக்கிறது என்று ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. எஃப்டி மெத்தடின் ஆவணத்திலும் எழுதியிருக்கிறார்கள். நாம் ஆவணத்தை எப்போது படிக்கிறோம்?


சும்மா ஒரு கேள்வி:

எல்லாரும் பெரிய கதை சொல்லும்போது என்னுடையதையும் போட்டுவிடுகிறேன். ஏஆர்எம் ப்ராசஸர் உள்ள எம்1 மேக்கில், பைத்தானிலிருந்து சிடைப்ஸ் (சி ஃபங்ஷன்களைக் கூப்பிட உதவும் நூலகம்) வழியாக ஓப்பனைக் கூப்பிட்டுப் புதுக் கோப்பு உருவாக்கினேன். 644 கேட்டேன், கோப்புக்கு வந்த பெர்மிஷன் ஒவ்வொரு முறையும் வேறு வேறு. பழைய இன்டெல் மேக்கில் அதே வரி ஒழுங்காக வேலை செய்கிறது. ஓப்பனுக்கு மூன்றாவது ஆர்க்யூமென்ட் விருப்பப்பட்டால் கொடுப்பது, சியில் மூன்று புள்ளி வைத்து எழுதுவார்களே, அது. ஆப்பிளின் ஏஆர்எம் முறையில் அந்த மூன்று புள்ளிக்குள் வருபவை ஸ்டாக்கில் (நினைவகத்தில்) போகும். சிடைப்ஸுக்கு மூன்றையும் சாதாரண ஆர்க்யூமென்ட் என்று நானே அறிவித்திருந்ததால் அது ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள்) போட்டது. ஓப்பன் ஸ்டாக்கில் கிடந்த எதையோ எடுத்துக்கொண்டது.


பழைய சிடி:

என் கதைக்கும் தமிழுக்கும் நேர் சம்பந்தம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளம்.

பத்து வருடக் குடும்பப் புகைப்படங்கள் பழைய மேக்கில் இருந்தன. லினக்ஸுக்கு நகர்த்தினேன். நகர்த்தியபின் பார்த்தால் "பொங்கல்" என்று இரண்டு ஃபோல்டர். ஒரே இடத்தில், ஒரே பெயரில். கண்ணை எவ்வளவு இடுக்கிப் பார்த்தாலும் வித்தியாசம் இல்லை.

"பொ"வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் எழுதலாம், எகரக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்கிறது. பழைய மேக்கின் ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் பெயரைச் சேமிக்கும்போதே பிரித்துவிடும். லினக்ஸில் நான் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்த பொங்கல் 21 பைட், மேக்கிலிருந்து வந்த பொங்கல் 24 பைட். லினக்ஸ் கெர்னலுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை, சாய்கோடும் சுழி பைட்டும் மட்டும்தான் கூடாது. அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள்.

இதுவரை அதிர்ச்சி இல்லை. அந்தச் சமயத்தில் ஒரு மொழியின் நூலகத்தில் ஃபோல்டர் படிக்கும் ராப்பரை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்திசாலித்தனமாக, கெர்னல் தரும் பெயரை எல்லாம் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் பயனருக்குக் கொடுத்தேன். பட்டியல் அழகாக வந்தது. அந்தப் பட்டியலில் இருக்கும் பெயரைத் திரும்பக் கொடுத்துத் திறக்கச் சொன்னால்: அப்படியொரு கோப்பு இல்லை. நானே கொடுத்த பெயர்! மேக்கிலிருந்து வந்த பெயர்களில் கொ, கோ, பொ, தோ போன்ற எழுத்து இருப்பவை மட்டும் திறக்காது. "படங்கள்" திறக்கும், "கோயில்" திறக்காது. ஆங்கிலப் பெயர் வைத்தே சோதித்த மற்ற உறுப்பினர்கள் நான் கனவு காண்கிறேன் என்று நினைத்தார்கள்.

அன்றைக்கு ராப்பரிலிருந்து அந்த வரியை எடுத்தேன். பெயரை ஒப்பிட வேண்டும், தேட வேண்டும் என்றால் மேலே நிரலில் மாற்றிக்கொள்ளட்டும். கெர்னல் கொடுத்த பைட்டுகளை அப்படியே திருப்பிக் கொடுப்பதுதான் ராப்பரின் வேலை என்பது என் கட்சி. பைத்தானில் 3.1 முதல் யூடிஎஃப்-8ஆகப் படிக்க முடியாத பைட்டுகளையும் இழக்காமல் சரத்துக்குள் ஒளித்து வைக்கும் ஓர் ஏற்பாடு உண்டு, சரகேட் எஸ்கேப் என்பார்கள். யூனிகோடு பரவும் முன் தமிழுக்கு இருந்த டிஸ்கி குறியாக்கக் காலத்தில் பெயரிட்ட கோப்புகள் நிறைந்த ஒரு சிடி என்னிடம் இருக்கிறது. பெயர் குப்பையாகத் தெரிந்தாலும் கோப்பு திறக்கும். எனக்கு அது போதும்.

இன்னொன்று: லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4ல் பெயருக்கு உச்சவரம்பு 255. எழுத்து இல்லை, பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் என்பதால் 85தான் கிடைக்கும், புள்ளியும் கொம்பும் அதில் சேர்த்தி. என் ராப்பர் 255 எழுத்து வரை விடும் என்று சரிபார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணப் பத்திரிகை வாசகத்தையே கோப்புப் பெயராக வைக்கும் ஒரு மாமா எங்கள் வீட்டில் உண்டு, அவர்தான் அதைக் கண்டுபிடித்தார்.


சிக்னல் பித்தன்:

மாமாவை க்யூஏவில் (சோதனைப் பிரிவில்) சேர்த்துக்கொள்ளுங்கள்.


நள்ளிரவு கம்பைலர்:

பழைய சிடி அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் ரன்டைமைத் திறந்து பார்த்தேன். தமிழ் வேரியபிள் பெயர்கள் இரண்டு விதமாகத் தட்டச்சாகி வரக்கூடாது என்பதற்காக, சரம் உருவாகும் இடத்திலேயே எல்லாவற்றையும் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு மாற்றுகிறேன். நிரலின் மூலத்துக்கு அது சரி. கெர்னலிலிருந்து வரும் கோப்புப் பெயரும் அதே ஃபங்ஷன் வழியாகத்தான் சரமாகிறது. "கோலம்" என்று ஒரு ஃபோல்டரைப் பிரித்த வடிவத்தில் உருவாக்கி ஓட்டினேன். பட்டியலில் இருக்கிறது. திறக்கவில்லை.

காலையில் வேலைக்குப் போக வேண்டும், மணி ஒன்றரை. சரம் ஒன்று, பாதை ஒன்று என்று இரண்டு வகையாகப் பிரிக்க வேண்டியதுதான் போலிருக்கிறது. பாதை வகைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள், "வழி" என்ற சொல்லை ஏற்கெனவே லூப்புக்கு எடுத்துவிட்டேன்.